ஒரே செடி, வேறு வேறு எண்ணெய்: மணச்செடி ஆராய்ச்சியை முதலிலிருந்து தெரிந்துகொள்வோம்

தெற்கு பிரான்சின் சுண்ணாம்புக் குன்றுகளில் தைம் என்ற குட்டைப் புதர் தானாகவே வளர்ந்து கிடக்கிறது. தாவரவியலில் அதற்குத் தைமஸ் வல்காரிஸ் என்று ஒரே பெயர்தான். பத்துச் செடிகளை அக்கம்பக்கமாக வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் சொல்வது கடினம். ஆனால் இலையைக் காய்ச்சி எண்ணெய் வடித்தால் விஷயம் மாறிவிடும். ஒரு செடியின் எண்ணெயில் தைமால் மேலோங்கி இருக்கும். தோலில் பட்டால் எரியும், கிருமிகளைக் கொல்லும். இன்னொரு செடியில் லினலூல். மென்மையான பூ மணம். வேறொன்றில் ஜெரானியால், ரோஜாவின் சாயல் அடிக்கும். இப்படி ஆறு வகைகளை அங்கே பிரித்து அறிந்திருக்கிறார்கள்.

ஆகவே “தைம் எண்ணெய் இதற்கு நல்லது” என்று யாராவது சொன்னால், எந்தத் தைம் என்று திருப்பிக் கேட்கத்தான் வேண்டும். ஒவ்வொரு மண்ணுக்கும் உரிய மணச்செடிகளையும் மூலிகைகளையும் எடுத்து, அவற்றின் நறுமண எண்ணெயை ஆராய்கிறவர்களின் வேலையில் பெரும்பகுதி இந்தக் கேள்விக்கு விடை தேடுவதுதான். எந்தச் செடி, எங்கே வளர்ந்தது, எப்போது பறித்தது, எந்தப் பாகம், எப்படி வடித்தது, உள்ளே என்னென்ன எவ்வளவு இருக்கிறது? இவை தெரிந்த பிறகுதான் “எதற்கு நல்லது” என்ற பேச்சுக்கே இடம் வருகிறது. நிறையப் பேர் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, பலனில் தொடங்குகிறார்கள். இந்தத் துறையில் நடக்கும் குழப்பங்களில் பாதி அங்கிருந்துதான் வருகிறது என்பது என் எண்ணம்.

நறுமண எண்ணெய் என்றால் எது?

எசென்ஷியல் ஆயில் என்று பலரும் சொல்வது இதைத்தான். எண்ணெய் என்று பெயர் இருந்தாலும் சமையல் எண்ணெய்க்கும் இதற்கும் உறவு கிடையாது. சமையல் எண்ணெய் கொழுப்பு. காகிதத்தில் ஒரு சொட்டு விட்டால் கறை அப்படியே நிற்கும். நறுமண எண்ணெயின் சொட்டு சிறிது நேரத்தில் ஆவியாகி, பெரும்பாலும் தடமே இல்லாமல் போய்விடும். ஆவியாகி மூக்கு வரை வருவதால்தான் மணமே தெரிகிறது.

ஒரு சொட்டில் இருப்பது ஒரே பொருள் இல்லை. பல பத்துச் சேர்மங்கள், சில எண்ணெய்களில் நூற்றுக்கும் மேல், கலந்து கிடக்கும். அவற்றில் பெரும்பாலானவை டெர்பீன் என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. ஐந்து கார்பன் கொண்ட ஐசோப்ரீன் என்ற சிறு அலகைத் தாவரம் இரண்டிரண்டாக, மூன்று மூன்றாக இணைத்து இவற்றைக் கட்டுகிறது. பத்துக் கார்பன் இருந்தால் மோனோடெர்பீன், பதினைந்து இருந்தால் செஸ்குவிடெர்பீன். ஆரஞ்சுத் தோலின் லிமோனீன் முதல் வகை. இலேசானது, சட்டென்று பறந்துவிடும். வெட்டிவேர், சந்தனம் ஆகியவற்றின் மணம் இரண்டாம் வகையிலிருந்து வருகிறது. கனமானது, நீண்ட நேரம் நிற்கும். கிராம்பின் யூஜெனால் இந்த இரண்டிலும் சேராது. அது ஃபீனைல்புரோப்பனாய்டு என்ற வேறு குடும்பம்.

இந்தக் குழப்பமான கூட்டத்தை முதன்முதலில் ஒழுங்குபடுத்தியவர்களில் முக்கியமானவர் ஜெர்மானிய வேதியியலாளர் ஓட்டோ வாலக். வெவ்வேறு செடிகளிலிருந்து எடுத்து வெவ்வேறு பெயர் சூட்டிய பல டெர்பீன்கள் உண்மையில் ஒன்றேதான் என்று அவர் காட்டினார். அவருக்கு 1910இல் நோபல் பரிசு கிடைத்தது. ஐசோப்ரீன் அலகு பற்றிய விதியை வளர்த்தெடுத்த லியோபோல்ட் ருசிக்காவும் 1939இல் அந்தப் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓ-வின் வரையறைப்படி, நீராவியால் வடித்தது, எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளின் தோலை அழுத்திப் பிழிந்தது, நீரில்லாமல் சூடாக்கி வடித்தது ஆகியவை மட்டுமே நறுமண எண்ணெய். ஹெக்சேன் போன்ற கரைப்பான் ஊற்றிப் பிரித்தது சாறு, அதாவது எக்ஸ்ட்ராக்ட். ஆய்வுக் கட்டுரைகளிலேயே இரண்டையும் கலந்து எழுதுகிறார்கள். ஒரு செடியின் சாற்றில் மெழுகு, நிறமி, ஆவியாகாத மருந்துப்பொருள் எல்லாம் இருக்கலாம். வடித்த எண்ணெயில் அவை வராது. ஆகவே சாற்றில் கண்ட குணத்தை எண்ணெயின் மேல் ஏற்றிச் சொல்வது சரியில்லை.

செடி எதற்காக இதைச் செய்கிறது?

புதினா இலையின் அடிப்பக்கத்தை நல்ல உருப்பெருக்கியில் பாருங்கள். மேற்பரப்பில் ஆங்காங்கே பளபளவென்று உருண்டையான சிறு கொப்புளங்கள் தெரியும். அவை சுரப்பிமுடிகள். ஒவ்வொன்றின் மேலும் மெல்லிய உறை இருக்கிறது. உறைக்கு உள்ளே எண்ணெய் தேங்கி நிற்கிறது. இலையை லேசாகத் தேய்த்தவுடனே மணம் அடிப்பது அந்த உறை உடைவதால்தான். யூகலிப்டஸ் இலையிலும் எலுமிச்சைத் தோலிலும் எண்ணெய் உள்ளே குழிகளில் இருக்கிறது. இலவங்கப்பட்டை, கற்பூர மரம் போன்றவற்றின் திசுவுக்குள் எண்ணெய்க்கென்றே தனிச் செல்கள் உண்டு. வடிக்கிறவருக்கு இது ஏட்டுப் படிப்பு அல்ல. மேற்பரப்பில் இருக்கும் எண்ணெய் சீக்கிரம் வந்துவிடும்; கட்டைக்கும் வேருக்கும் உள்ளே இருப்பதை எடுக்க, துண்டாக்கி மணிக்கணக்கில் நீராவி விட வேண்டும்.

செடிக்கு இது பல வகையில் உதவுகிறது. இலையைத் தின்ன வரும் பூச்சியை விரட்டலாம், பூஞ்சையைத் தடுக்கலாம், மகரந்தம் சுமக்கும் வண்டை அழைக்கலாம். ஆனால் எல்லா இடத்திலும் ஒரே கலவை செடிக்கு லாபமாக இருப்பதில்லை. இதற்குத் தைமே நல்ல சாட்சி. தெற்கு பிரான்சின் மோன்பெல்லியே நகருக்கு வடக்கே சான்-மார்த்தான்-த-லோந்த்ர் என்ற ஊரை ஒட்டி ஒரு தாழ்நிலம் உண்டு. குளிர்காலத்தில் கனத்த குளிர்காற்று அதற்குள் இறங்கித் தங்கிவிடும். 1970களில் ஆய்வாளர்கள் அங்கே ஒவ்வோர் இடமாகச் செடிகளைச் சோதித்தபோது, தாழ்நிலத்துக்குள் லினலூல் போன்ற மென்மையான வகைகளும், வெளியே வெயில் காயும் சரிவுகளில் தைமால் வகையும், அதற்கு நெருங்கிய உறவான கார்வக்ரால் வகையும் இருந்தன. கடும் உறைபனியைத் தைமால், கார்வக்ரால் வகைகள் தாங்குவதில்லை. கோடை வறட்சியைத் தாங்குவதில் அவற்றுக்கே கை ஓங்கியிருக்கிறது. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழித்து அதே இடங்களை மறுபடி சோதித்தார்கள். இடைப்பட்ட காலத்தில் கடுங்குளிர் குறைந்திருந்தது. முன்பு இல்லாத இடங்களுக்குள்ளும் தைமால், கார்வக்ரால் வகைகள் நுழைந்திருந்தன. தட்பவெப்பம் மாறியதை எண்ணெயின் கலவையே பதிவு செய்து வைத்திருந்தது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது.

ஒரே இனத்துக்குள் இப்படி வேதியியலால் மட்டும் வேறுபடும் வகையைக் கீமோடைப் என்பார்கள். வேதிவகை என்று சொல்லலாம். மரபணுவில் ஊறிய வேறுபாடு இது. ஓர் இடத்திலிருந்து பிடுங்கி வேறு இடத்தில் நட்டாலும் வகை மாறாது. அதற்கு மேல் சூழலின் விளையாட்டு தனி. பூக்கும் முன், பூக்கும்போது, காய்த்த பின் என்று பருவத்துக்குப் பருவம் அளவுகள் ஏறி இறங்கும். காலையில் பறித்ததும் உச்சி வெயிலில் பறித்ததும் கூட ஒன்றாக இருப்பதில்லை. இதனால்தான் “இந்தச் செடியின் எண்ணெயில் இது இத்தனை சதவீதம்” என்று ஒரே எண்ணாகச் சொல்லும் வாக்கியத்தைப் பார்த்தால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

காட்டிலேயே பாதி வேலை முடிகிறது

ஒரு செடியை ஆராயக் கிளம்புகிறவர் முதலில் செய்ய வேண்டியது அதை அடையாளம் காண்பது. கேட்க எளிதாக இருக்கிறது. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். மடகாஸ்கரில் நடந்ததைப் பாருங்கள். அந்தத் தீவுக்கே உரிய மரம் ஒன்று உண்டு, பெயர் ரவென்சாரா அரோமாட்டிகா. கிழக்காசியாவிலிருந்து கொண்டுவந்து நட்ட கற்பூர மரமும் அங்கே இருக்கிறது. அந்தக் கற்பூர மரம் மடகாஸ்கரில் கற்பூரமே ஏறக்குறைய இல்லாத, சினியோல் (யூகலிப்டஸ் மணம் தரும் சேர்மம்) நிறைந்த எண்ணெயைத் தருகிறது. அதை அங்கே ரவின்ட்சாரா என்பார்கள். பெயர்கள் ஒன்றுபோல் ஒலித்ததால் இரண்டும் குழம்பிப்போய், கற்பூர மர எண்ணெய் நீண்ட காலம் ரவென்சாரா என்ற பெயரில் விற்பனையானது. இரண்டின் கலவையும் முற்றிலும் வேறு. ஒன்றைப் பற்றி எழுதியதை நம்பி இன்னொன்றைப் பயன்படுத்தியவர்கள் எத்தனை பேரோ!

இதைத் தடுக்க ஒரு பழைய, எளிய வழக்கம் உண்டு. எண்ணெய் எடுத்த அதே செடியின் ஒரு கிளையை, முடிந்தால் பூவோடும் காயோடும், அழுத்தி உலர்த்தி அட்டையில் ஒட்டி, இடம், நாள், பறித்தவர் பெயர் எழுதி, எண் போட்டு உலர்தாவரகத்தில் (ஹெர்பேரியம்) சேர்த்துவிட வேண்டும். சான்று மாதிரி என்பது இதுதான். இருபது ஆண்டு கழித்து யாராவது சந்தேகப்பட்டாலும் அந்த அட்டையை எடுத்துப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம். ஒரு கட்டுரையில் சான்று மாதிரியின் எண் இல்லையென்றால், அதிலுள்ள மற்ற எண்கள் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் எனக்கு மனம் ஒப்புவதில்லை.

அப்புறம் ஒரே செடியிலிருந்து பறிப்பதா, பல செடிகளைக் கலந்து பறிப்பதா என்ற கேள்வி. கலந்தால் அந்தப் பகுதியின் சராசரி கிடைக்கும். தனித்தனியாக வடித்தால்தான் வேதிவகைகள் வெளியே தெரியும். தைமை எல்லாம் ஒரே மூட்டையில் போட்டுக் காய்ச்சியிருந்தால் அந்த ஆறு வகைகளும் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

வடிப்பு: கொதிக்காததை எப்படிக் கொதிக்க வைப்பது?

லிமோனீன் தனியாகக் கொதிக்க 176 டிகிரி செல்சியஸ் வேண்டும். அந்தச் சூட்டில் இலை கருகிவிடும், மணமும் கெட்டுவிடும். ஆனால் நீரோடு சேர்த்துச் சூடாக்கினால் இரண்டும் சேர்ந்து சுமார் 98 டிகிரியிலேயே வடிந்து வருகின்றன, நீர் தனியாகக் கொதிப்பதற்கும் முன்பே. காரணம் இதுதான். நீரும் எண்ணெயும் ஒன்றில் ஒன்று கரைவதில்லை. அதனால் ஒன்றின் ஆவி அழுத்தத்தை மற்றது குறைப்பதில்லை. இரண்டும் தத்தம் அழுத்தத்தைத் தருகின்றன. இரண்டின் கூட்டுத்தொகை வெளிக்காற்றின் அழுத்தத்தை எட்டியவுடனே கொதிப்பு தொடங்கிவிடும். நீராவி வடிப்பின் ரகசியம் முழுவதும் இவ்வளவுதான்.

ஆய்வகத்தில் இதற்கு க்ளெவெஞ்சர் கருவி என்ற கண்ணாடிச் சாதனம் இருக்கிறது. ஜோசப் க்ளெவெஞ்சர் 1928இல் இதை வெளியிட்டார். இன்றும் ஏறக்குறைய அதே வடிவம்தான். குடுவையில் இலையும் நீரும். கீழே சூடு. மேலே ஏறும் ஆவி குளிர்விப்பானில் பட்டு நீர்த்துளியாகி, அளவுக்கோடு போட்ட ஒரு குழாய்க்குள் விழும். அங்கே நீர் கீழே தங்கும், எண்ணெய் மேலே ஒரு மெல்லிய வளையமாக மிதக்கும். அடியில் சேரும் நீர் மட்டும் வளைந்த குழாய் வழியே மறுபடி குடுவைக்கே திரும்பிவிடும். நீர் வற்றாது, எண்ணெய் சேர்ந்துகொண்டே இருக்கும். சுமார் மூன்று மணி நேரம் கழித்து அளவுக்கோட்டைப் படித்தால், 100 கிராம் இலைக்கு இத்தனை மில்லிலிட்டர் என்று விளைவு, அதாவது கிடைத்த எண்ணெயின் அளவு, அப்படியே தெரிந்துவிடும். கிராம்பு எண்ணெய் போல நீரைவிடக் கனமானவை அடியில் இறங்கிவிடும் என்பதால் அவற்றுக்குக் குழாயின் அமைப்பு வேறு.

விளைவு செடிக்குச் செடி மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடும். உலர்ந்த கிராம்பு மொட்டில் 15 முதல் 20 சதவீதம் வரை எண்ணெய் இருக்கும். ரோஜாவிலோ ஒரு கிலோ எண்ணெய்க்கு 3,000 முதல் 5,000 கிலோ வரை பூ வேண்டும். அதிகம் ஆராயாத ஒரு காட்டுச்செடியை எடுத்தால், பல நேரம் குழாயில் சேர்வது சில சொட்டுகள்தான். குறைந்த விளைவு என்றால் வீண் என்று பொருள் இல்லை. ரோஜாவே அதற்குச் சாட்சி. ஆனால் தொழிலாகுமா என்று கேட்கிறவருக்கு இந்த எண்தான் முதல் தடை.

வடிப்பு என்பது செடிக்குள் இருந்ததை அப்படியே வெளியே எடுப்பது என்று நினைத்துவிட வேண்டாம். ஜெர்மன் கெமோமில் பூவின் எண்ணெய் ஆழ்ந்த நீல நிறமாக இருக்கும். பூவிலோ அந்த நீலப்பொருள் இல்லை. மாட்ரிசின் என்ற நிறமற்ற சேர்மம்தான் இருக்கிறது. நீராவிச் சூட்டில் அது சிதைந்து காமாசுலீன் என்ற நீல நிறச் சேர்மமாக மாறுகிறது. அதாவது அந்த நீலம் குடுவைக்குள் பிறந்தது. எத்தனை மணி நேரம், எவ்வளவு சூடு, நீரில் மூழ்க வைத்தா நீராவி மட்டும் விட்டா என்று கட்டுரையில் எழுதச் சொல்வது இதனால்தான்.

உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

இங்கே வருவது கேஸ் குரோமட்டோகிராபி. பெயர் மிரட்டினாலும் தத்துவம் எளிது. சுமார் 30 மீட்டர் நீளமும் கால் மில்லிமீட்டர் உள்விட்டமும் கொண்ட மெல்லிய குழாயைச் சுருளாகச் சுற்றி ஓர் அடுப்புக்குள் வைத்திருப்பார்கள். அதன் உட்சுவரில் ஒரு பூச்சு. எண்ணெயில் துளியூண்டு செலுத்தினால் அது ஆவியாகி, ஹீலியம் வாயுவோடு குழாய்க்குள் ஓடும். கடைத்தெருவில் சேர்ந்து கிளம்பிய கூட்டத்தில் ஒருவர் நேரே போய்விடுவார், இன்னொருவர் ஒவ்வொரு கடையிலும் நின்று நின்று வருவார் இல்லையா, அதுபோல இலேசான சேர்மங்கள் முதலில் வெளியே வரும், பூச்சோடு ஒட்டிக்கொள்பவை தாமதமாக வரும். அடுப்பின் சூட்டை மெல்ல மெல்ல ஏற்றுவார்கள். மறுமுனையில் ஒவ்வொன்றும் வந்து சேரும்போது திரையில் ஒரு கூர்முனை எழும். முனையின் பரப்பை வைத்து அளவு.

எந்த முனை எந்தச் சேர்மம்? குழாயின் முடிவில் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரை இணைத்திருப்பார்கள். அது ஒவ்வொரு மூலக்கூறையும் எலக்ட்ரான்களால் அடித்து நொறுக்கி, துண்டுகளின் நிறையை அளக்கும். கணினியில் இருக்கும் நூலகத்தோடு ஒப்பிட்டு “இது 94 சதவீதம் பொருந்துகிறது” என்று ஒரு பெயரைச் சொல்லும். புதிதாக வருகிறவர்கள் இந்தப் பெயரை அப்படியே அட்டவணையில் எழுதிவிடுகிறார்கள். இது பெரிய ஆபத்து. ஆல்பா-பைனீன், சபினீன், லிமோனீன் மூன்றுக்கும் மூலக்கூறு நிறை ஒன்றே: 136. உடையும் விதமும் நெருங்கியது. கணினி ஒன்றை இன்னொன்றாகச் சொல்ல வாய்ப்பு நிறைய.

அதனால் இரண்டாவது சாட்சி கட்டாயம். எர்வின் கோவாட்ஸ் 1958இல் சொன்ன வழி அது. கார்பன் எண்ணிக்கை தெரிந்த நேர்கோட்டு ஹைட்ரோகார்பன்களை அதே குழாயில் ஓடவிட்டு, நம் சேர்மம் எந்த இரண்டுக்கு நடுவே வருகிறது என்று கணக்கிட்டு ஓர் எண் தருவது. எட்டுக் கார்பன் என்றால் 800, ஒன்பது என்றால் 900, இப்படி. வழக்கமான முனைவற்ற (நான்-போலார்) பூச்சில் ஆல்பா-பைனீன் 930களில் வரும், லிமோனீன் 1030ஐ ஒட்டி வரும். நிறைத் துண்டுகளும் இந்த எண்ணும் ஒத்துப்போனால்தான் பெயரை நம்பலாம். ஓர் ஆய்வுக் கட்டுரையின் அட்டவணையைத் திறந்தவுடன் இந்த எண்களின் பத்தி இருக்கிறதா என்று பாருங்கள். மேலிருந்து கீழாக, வரும் வரிசையிலேயே எண்கள் ஏறிக்கொண்டு போக வேண்டும். நடுவில் ஒன்று இடம் மாறித் துள்ளினால் அந்தப் பெயர் தவறாக இருக்கலாம். வேதியியல் படிக்காதவர் கூடச் செய்யக்கூடிய சோதனை இது.

சில மூலக்கூறுகளுக்கு இடக்கை, வலக்கை போலக் கண்ணாடிப் பிம்ப வடிவங்கள் உண்டு. கார்வோனின் ஒரு வடிவம் ஸ்பியர்மின்ட் புதினாவாக மணக்கும். மறு வடிவம் சீமைச் சோம்பாக (கேரவே) மணக்கும். அணுக்கள் அதே, கணக்கு அதே, மூக்குக்கு மட்டும் வேறு. இவற்றைப் பிரிக்கத் தனிப் பூச்சுள்ள குழாய் வேண்டும். கலப்படம் பிடிக்கவும் இது உதவும். லாவெண்டர் எண்ணெயில் இயற்கையாக வரும் லினலூலில் ஒரு கை வடிவமே மிகுதி. தொழிற்சாலையில் செய்தது இரண்டும் சரிபாதி. இரண்டு முனைகளும் ஒரே உயரத்தில் நின்றால் யாரோ கலந்திருக்கிறார்கள்.

“கிருமியைக் கொல்கிறது” என்றால்?

நாட்டுச்செடிகளின் எண்ணெய் பற்றிய கட்டுரைகளில் பெரும்பகுதி கிருமிச் சோதனையில்தான் போய் முடிகிறது. வழக்கமாகச் செய்வது: தட்டில் பாக்டீரியாவைப் பரப்பி, நடுவில் எண்ணெய் ஊறிய சிறு காகித வில்லையை வைத்து, சுற்றிலும் கிருமி வளராத வட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்று அளப்பது. மருந்துகளுக்கு இது சரி. எண்ணெய்க்கு அவ்வளவு பொருந்தாது. தட்டிலுள்ள ஜெல் பெரும்பாலும் நீர். எண்ணெய் அதில் பரவாது. கனமான சேர்மங்கள் வில்லையை விட்டு நகராமலே நிற்கும், இலேசானவை மூடிக்குள் ஆவியாகித் திரியும். பெரிய வட்டம் என்றால் வீரியமான எண்ணெய் என்று பொருள் இல்லை. நன்றாகப் பரவும் எண்ணெய் என்று மட்டும் பொருளாக இருக்கலாம்.

இதைவிட நல்லது, 96 குழிகள் உள்ள தட்டில் எண்ணெயைப் பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே போய், கிருமி வளராத மிகக் குறைந்த அளவு எது என்று பார்ப்பது. இதற்கும் எண்ணெயை நீரோடு சேர்க்க ஒரு குழம்பாக்கி வேண்டும். அந்தக் குழம்பாக்கியே கிருமியைப் பாதிக்கிறதா என்று தனியாகச் சோதிக்க வேண்டும். ஆவி பக்கத்துக் குழிக்குத் தாவாமல் மூடவும் வேண்டும்.

பிறகு எண்ணைப் படிக்கும்போது அலகைக் கவனியுங்கள். நல்ல ஆன்டிபயாடிக் மருந்துகள் ஒரு மில்லிலிட்டருக்குச் சில மைக்ரோகிராம் அளவிலேயே வேலை செய்யும். எண்ணெய்களுக்குப் பல நேரம் மில்லிகிராம் கணக்கில் வேண்டியிருக்கும். ஆயிரம் மடங்கு வித்தியாசம். அவ்வளவு அடர்த்தி இரத்தத்தில் சேர வழியும் இல்லை, சேர்ந்தால் உடம்பு தாங்கவும் தாங்காது. ஆகவே தட்டில் கிருமி செத்தது என்பதிலிருந்து “இது மருந்து” என்று தாவ முடியாது. தோலின் மேல், வாய் கொப்பளிக்க, பொருட்கள் கெடாமல் காக்க என்றால் வாய்ப்பு உண்டு.

மனிதர்களிடம் சோதித்துத் தேறியவையும் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து பகுதிகளுக்கே உரிய டீ ட்ரீ என்ற மரத்தின் எண்ணெயை ஆர்தர் பென்ஃபோல்ட் 1920களில் ஆராய்ந்து கிருமி எதிர்ப்பைக் காட்டினார். 1990இல் 124 முகப்பரு நோயாளிகளிடம் அந்த எண்ணெய் 5 சதவீதம் கலந்த களிம்பையும், வழக்கமான பென்சாயில் பெராக்சைடையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் பருக்களைக் குறைத்தன. எண்ணெய் மெதுவாக வேலை செய்தது, ஆனால் எரிச்சல் குறைவு. இந்த எண்ணெய்க்கு ஐஎஸ்ஓ தரமும் உண்டு: கிருமியைக் கொல்லும் டெர்பினென்-4-ஆல் இவ்வளவுக்குக் குறையக் கூடாது, சினியோல் இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று. மரத்தின் பெயரோடு நிற்காமல் கலவையையே கட்டிப்போட்ட பிறகுதான் ஓர் ஆய்வின் முடிவை அடுத்த புட்டிக்கும் பொருத்த முடிகிறது.

எலுமிச்சை யூகலிப்டஸ் விஷயத்தில் இன்னொரு பாடம். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் கொசு விரட்டியாகப் பரிந்துரைப்பது அந்த மரத்தின் வெறும் வடித்த எண்ணெயை அல்ல. வடித்த எண்ணெயில் சிட்ரோனெல்லால் மேலோங்கி இருக்கும். அது விரைவில் பறந்துவிடும். பரிந்துரை பெற்றது, பிஎம்டி என்ற சேர்மம் செறிந்திருக்கும்படி பதப்படுத்திய பொருள். பெயர் ஏறக்குறைய ஒன்று, புட்டிக்குள் இருப்பது வேறு.

பாதுகாப்பைப் பற்றி நேராகவே சொல்கிறேன். ஒரு மூலிகையைத் தலைமுறை தலைமுறையாகக் கஷாயம் வைத்துக் குடித்திருக்கலாம். அதனால் அதன் எண்ணெயைக் குடிக்கலாம் என்று ஆகாது. கிலோக்கணக்கான இலையின் சாரம் சில மில்லிலிட்டரில் அடங்கியிருக்கிறது. பென்னிராயல் என்ற புதினா வகையின் எண்ணெயிலுள்ள புலேகோன் கல்லீரலைச் சிதைக்கும். அதைக் குடித்து இறந்தவர்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். யூகலிப்டஸ் எண்ணெயைச் சிறு குழந்தை விழுங்கினால் வலிப்பு வரை போகலாம். பழைய எண்ணெயும் தொல்லைதான். லிமோனீனும் லினலூலும் காற்றுப் பட்டால் ஆக்சிஜனேற்றம் அடைந்து, தோல் ஒவ்வாமை தரும் பொருட்களாக மாறுகின்றன. அடர்நிறக் கண்ணாடிப் புட்டியில், நிரம்ப ஊற்றி, இறுக மூடி, குளிர்ச்சியான இடத்தில் வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஆராய்ந்த பிறகு செடிக்கு என்ன ஆகிறது?

ஒரு காட்டுச்செடியின் எண்ணெய் நல்லது என்று செய்தி வெளியே வந்தவுடனே கத்தியோடும் மூட்டையோடும் ஆட்கள் காட்டுக்குள் போவார்கள். நல்ல ஆராய்ச்சி இதையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். செடியின் பயனை முதலில் அறிந்து காத்து வைத்திருந்த மக்களுக்கு என்ன கிடைக்கும் என்பதும் சேர்ந்த கேள்விதான். 2010இல் ஜப்பானின் நகோயாவில் ஏற்று, 2014இல் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறை, உயிர்வளத்தை எடுப்பதற்கு முன் அனுமதி பெற வேண்டும், வரும் பயனை நியாயமாகப் பகிர வேண்டும் என்கிறது. இதை ஏற்ற நாடுகளில் காட்டுக்குள் காலெடுத்து வைக்கும் முன்பே ஆய்வாளர் இதற்கான தாள்களைத் தயார் செய்ய வேண்டியிருக்கும்.

அமேசான் காட்டின் ரோஸ்வுட் மரம் பட்ட பாட்டைப் பார்த்தால் ஏன் என்று புரியும். அனிபா ரோசியோடோரா என்ற அந்த மரத்தின் கட்டையில் லினலூல் நிறைந்திருக்கிறது. வாசனைத் திரவியத் தொழிலுக்கு அது மிகவும் வேண்டியிருந்தது. கட்டையை வடிக்க மரத்தையே வெட்டிச் சாய்க்க வேண்டும். பல பத்தாண்டுகள் அப்படி வெட்டியதில் எளிதில் போகக்கூடிய இடங்களில் மரம் அருகிப்போனது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் 2010இல் அது சேர்ந்தது. அதன் பிறகு அனுமதி இல்லாமல் நாடு விட்டு நாடு விற்க முடியாது. பிரேசில் ஆய்வாளர்கள் கேட்ட கேள்வி: எண்ணெய் கட்டையில் மட்டும்தானா? இலையையும் சிறு கிளையையும் வடித்துப் பார்த்தார்கள். அவற்றிலும் லினலூல் நிறைந்த எண்ணெய் வந்தது. கை வடிவங்களின் விகிதமும் மணத்தின் நுணுக்கமும் கட்டை எண்ணெயைப் போல அச்சாக இல்லை. அதனால் வாசனைக் கலைஞர்கள் இரண்டையும் ஒன்றாகக் கருதுவதில்லை. ஆனால் தோட்டமாக நட்ட மரங்களை வேரோடு சாய்க்காமல், கிளையை மட்டும் கழித்துக்கொண்டால் அவை மறுபடி துளிர்க்கின்றன. அடுத்த அறுவடைக்கு அதே மரம் நிற்கிறது.